லாரன்ஸ் டெய்லரின் 132.5: சாக் கணக்கு சொல்வதும் விட்டுவிடுவதும்

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில், எதிரணியின் பந்தெறிபவரான குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு சாய்த்தவர்களின், அதாவது சாக் எடுத்தவர்களின், வாழ்நாள் கணக்கைப் பார்த்தால், லாரன்ஸ் டெய்லருக்கும் லெஸ்லி ஓ'நீலுக்கும் நேராக ஒரே எண்தான் இருக்கிறது: 132.5. நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக 1981 முதல் 1993 வரை ஆடிய டெய்லரை, தற்காப்பு ஆட்டத்தில் இதுவரை வந்தவர்களிலேயே தலைசிறந்தவர் என்று சொல்பவர்கள் ஏராளம். தகுதி பெற்ற முதல் ஆண்டான 1999-இலேயே அவர் ஒஹையோ மாநிலத்தின் கேன்டன் நகரிலுள்ள, இந்த ஆட்டத்தின் தலைசிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். சான்டியாகோ சார்ஜர்ஸ் அணியில் பெயரெடுத்த ஓ'நீல், அதே 1999-இல் தம் கடைசிப் பருவத்தை ஆடியவர். லீகின் நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்கு ஆறு முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆனால் கேன்டனில் அவருக்கு இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.

எண் ஒன்றாக இருக்க, மதிப்பீடு மட்டும் இவ்வளவு தொலைவு விலகி நிற்பது ஏன்? சாக் எண்ணிக்கை பொய் சொல்வதில்லை என்பதே என் கருத்து. ஆனால் அது பாஸ் ரஷர், அதாவது குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் தற்காப்பு ஆட்டக்காரர், செய்யும் வேலையின் கடைசிக் கட்டத்தை மட்டுமே எண்ணுகிறது. அவருக்கு அஞ்சி எதிரணி தன் ஆட்டத்தை எவ்வளவு தூரம் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதில்தான் அவருடைய உண்மையான உயரம் தெரியும். அதை எழுதிவைக்கப் பதிவேட்டில் கட்டம் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

இந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகாதவர்களுக்காகச் சில வரிகள். பக்கத்துக்கு 11 பேர் ஆடுவார்கள். பந்தை வைத்திருக்கும் அணி 10 கஜம் முன்னேறுவதற்கு நான்கு வாய்ப்புகள் பெறும். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்து பெரும்பாலும் குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. அவர் அதை ஓடுபவரிடம் கொடுக்கலாம், அல்லது முன்னே ஓடும் கூட்டாளிக்கு எறியலாம். எறிவதற்கு அவருக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டரை, மூன்று வினாடிகள்தான். அந்த அவகாசத்தை வாங்கித் தருவது அவருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஐந்து தடுப்பாளர்களின் பொறுப்பு. அவர்களைத் தாண்டிப் போய்ச் சேருவது பாஸ் ரஷரின் பொறுப்பு. பந்து கையை விட்டுப் போவதற்குள், ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிட்டால் அது ஒரு சாக். இருவர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை என்று பிரித்து எழுதுவார்கள், 132.5 என்பது போன்ற எண்கள் அப்படித்தான் வருகின்றன.

முதல் சிக்கல் பதிவேடு தொடங்கிய ஆண்டிலேயே இருக்கிறது. சாக்கினால் ஓர் அணி இழந்த கஜங்கள் அதற்கு முன்பே கணக்கில் வந்தன என்றாலும், சாய்த்தவர் யார் என்று தனி ஆட்டக்காரரின் பெயரில் என்.எஃப்.எல். அதிகாரப்பூர்வமாக எழுதத் தொடங்கியது 1982-இல்தான். டெய்லர் களமிறங்கியது 1981-இல். அந்த முதல் பருவத்திலேயே அவர் ஆண்டின் சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர், ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் என்ற இரண்டு விருதுகளையும் ஒருசேர வென்றார். அந்தப் பருவத்தில் அவர் எடுத்த 9.5 சாக்குகள் அதிகாரப்பூர்வக் கணக்கில் சேரவில்லை. அவற்றைச் சேர்த்தால் அவருடைய எண் 142 ஆகிவிடும். ஓ'நீல் 1986-இல் வந்தவர் என்பதால் அவருக்கு அந்த இழப்பு நேரவில்லை. ஆக, ஒரே எண் என்று நாம் தொடங்கிய இடத்திலேயே அந்தச் சமநிலை நாள்காட்டி செய்த தற்செயல் என்று தெரிந்துவிடுகிறது.

டெய்லருக்கு ஒரு பருவம்தான் போனது. சிலருக்கு வாழ்நாளே போயிற்று. 1961 முதல் 1974 வரை, பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியில் ஆடிய டீக்கன் ஜோன்ஸின் பெயரில் அதிகாரப்பூர்வமாக ஒரு சாக்கூட இல்லை. பழைய ஆட்டக் குறிப்புத் தாள்களையும், அணிகள் பாதுகாத்த கோப்புகளையும், எஞ்சியிருந்த படச்சுருள்களையும் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் பொறுமையாக உட்கார்ந்து எண்ணியதன் பயனாக, 1960 வரைக்குமான அதிகாரப்பூர்வமற்ற கணக்கை 2021-இல் ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் தளம் வெளியிட்டது. அதன்படி ஜோன்ஸின் எண் 173.5. அதற்கு மேலே இருப்பவர்கள் புரூஸ் ஸ்மித்தும் ரெஜி வைட்டும் மட்டுமே. மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் ஆலன் பேஜுக்கு 148.5 என்று கணக்கு வந்தது. 1971-இல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற முதல் தற்காப்பு வீரர் அவர். பின்னாளில் மினசோட்டா மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் அமர்ந்தவர். அவருக்குப் பின் அந்த விருதைப் பெற்ற ஒரே தற்காப்பு வீரர், 1986-இல் 20.5 சாக்குகள் எடுத்த டெய்லர். அந்தப் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தவர்களின் உழைப்புக்கு இந்த ஆட்டத்தை நேசிக்கும் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம் என்றே நினைக்கிறேன். லீக் இன்னும் அந்த எண்களைத் தன்னுடையவையாக ஏற்காதது வருத்தத்துக்குரியது.

ஆனால் ஜோன்ஸின் 173.5 கிடைத்தவுடன் அதை இன்றைய ஆட்டக்காரரின் எண்ணோடு பக்கத்தில் வைத்துவிட முடியுமா? ஜோன்ஸ் ஆடிய காலத்தில் ஒரு பருவத்துக்கு 14 ஆட்டங்கள். 1978 முதல் 16. 2021 முதல் 17. மூன்று பருவங்களில் அவர் 14 ஆட்டங்களுக்குள்ளேயே 20 சாக்குகளைத் தாண்டினார் என்பது எந்தக் காலத்திலும் வியப்புக்குரியது. அதே சமயம், தடுப்பவரின் தலைக்கவசத்தில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்து நிலைகுலையச் செய்யும் உத்தி அவருக்குக் கிடைத்தது. 1977-இல் அது தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே தடுப்பாளர்கள் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று விதி மாறியது. இரண்டு மாற்றங்களும் பாஸ் ரஷருக்கு எதிரானவை. மறுபக்கம், 1977-இல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சராசரியாகச் சுமார் 25 முறைதான் பந்தை எறிந்தது. 2010-களின் நடுவில் அது சுமார் 35 ஆயிற்று. வாய்ப்பு கூடியது என்று சொல்லலாம். ஆனால் எறிதல் கூடிய அதே காலத்தில் அது வேகமாகவும் ஆனது: முன்பு 100 எறிதல் முயற்சிகளுக்கு எட்டு, ஒன்பது சாக்குகள் விழுந்த இடத்தில் இப்போது ஆறு, ஏழுதான் விழுகின்றன. ஆகவே காலத்துக்குக் காலம் எண்ணின் எடை மாறிக்கொண்டே போகிறது. ஒரு பக்கம் திருத்தினால் மறுபக்கம் சாய்கிறது.

இந்தத் திருத்தங்களெல்லாம் தேவையானவைதான். ஆனால் டெய்லரின் விஷயத்தில் இவை ஓரத்தில் நிற்பவை. 1981-இன் 9.5 சாக்குகளை அவருக்குக் கொடுத்துவிட்டாலும், பட்டியலில் அவருக்கு மேலே கெவின் கிரீன் 160-உடனும், ஜூலியஸ் பெப்பர்ஸ் 159.5-உடனும், கிரிஸ் டோல்மன் 150.5-உடனும் நிற்கிறார்கள். மூவருமே மிகச் சிறந்தவர்கள், மூவருமே ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர்கள். ஆயினும் அவர்களைத் தடுப்பதற்காக லீகின் தாக்குதல் அமைப்பே மாறியது என்று யாரும் சொன்னதில்லை. டெய்லரைப் பற்றிச் சொல்கிறார்கள். அதற்குச் சான்றும் இருக்கிறது.

1982 ஜனவரி 3 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் 49-அர்ஸ் அணிக்கும் ஜயன்ட்ஸுக்கும் நடந்த பிளே ஆஃப் ஆட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அதுவரை, தற்காப்பு முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் வெளிப்புறத்திலிருந்து பாய்ந்து வந்தால், அவரைத் தடுப்பது ரன்னிங் பேக்கின், அதாவது பந்தோடு ஓடுபவரின், வேலை என்பதுதான் வழக்கம். அப்படி வருபவர்கள் பெரும்பாலும் நடுத்தர உடல்வாகு கொண்டவர்கள். வரும் நேரமும் குறைவு. ஆகவே அந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது. சுமார் 107 கிலோ எடையும் ரன்னிங் பேக்கையே துரத்திப் பிடிக்கும் வேகமும் கொண்ட டெய்லர் அந்தப் பருவம் முழுக்க அந்த ஏற்பாட்டைத் தூள் தூளாக்கிக்கொண்டிருந்தார். 49-அர்ஸ் பயிற்சியாளர் பில் வால்ஷ், தம் இடது கார்டான ஜான் ஏயர்ஸை இந்த வேலைக்கு ஒதுக்கினார். வரிசையின் உட்புறத்தில் நின்று எதிரே இருப்பவரோடு மோத வேண்டிய ஏயர்ஸ், பந்து எடுக்கப்பட்டதும் பின்வாங்கி, வெளிப்பக்கம் நகர்ந்து, வளைந்து வரும் டெய்லரின் பாதையில் போய் நின்றார். முதல் தடையைத் தாண்டிவிட்டால் குவார்ட்டர்பேக்தான் என்று வந்த டெய்லருக்கு எதிரே, தம்மைவிடக் கனமான ஒருவர் கால் ஊன்றி நின்றார். 49-அர்ஸ் 38-24 என்று வென்றது; அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் அதே அணிதான் வென்றது.

டெய்லர் அன்று அடக்கப்பட்டார் என்றே ஆட்டத்தின் எண்கள் சொல்லும். ஆனால் ஆட்டத்தின் மிகக் கூர்மையான தாக்குதல் மூளைகளுள் ஒன்று, வெறும் முதல் பருவம் ஆடிய ஓர் இளைஞருக்காகத் தன் வரிசையின் அடிப்படை வேலைப் பங்கீட்டையே மாற்ற வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? கார்டை ஒவ்வொரு முறையும் பின்னால் இழுத்தால் அவர் விட்டுப்போகும் இடத்தில் வாசல் திறந்துவிடும். அதற்கு வேறொருவரைக் கொண்டுவர வேண்டும். ஒரே பிரிவில் இருந்ததால் ஆண்டுக்கு இரண்டு முறை டெய்லரை எதிர்கொள்ள வேண்டியிருந்த வாஷிங்டன் அணியின் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ், ஒரே ஒரு ரன்னிங் பேக்கையும், வரிசையின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டுகள் இருவரையும் வைத்து ஆடும் அமைப்பை வளர்த்தெடுத்ததற்கு டெய்லர் முக்கியக் காரணம். இரண்டாவது டைட் எண்ட் இடம் மாறி மாறி நின்று, தேவைப்பட்டபோது டெய்லரின் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். இதற்கும் மேலாக, வலக்கைக் குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்குப் படாத இடப்பக்கத்தைக் காக்கும் இடது டேக்கிள், வெறும் ஐவரில் ஒருவராக இருந்த நிலை மாறி, அணியின் மிகுந்த சம்பளம் பெறும் ஆட்டக்காரர்களுள் ஒருவராக உயர்ந்த வரலாற்றில் டெய்லருக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு மனிதரை நிறுத்துவதற்காக ஒரு தொழிலின் கூலி விகிதமே மாறியது. இதை எந்தப் பத்தியில் எழுதுவது?

தடுப்பதற்குக் கூடுதலாக ஒருவரை நிறுத்தினால், பந்தைப் பிடிக்க ஓடுபவர்களில் ஒருவர் குறைகிறார். அல்லது வரிசையின் மறுபக்கத்தில் ஒருவர் தனித்து விடப்படுகிறார். அந்த இடைவெளியில் புகுந்து சாய்ப்பது சக ஆட்டக்காரர். சாக் அவர் பெயரில் ஏறும். கிரிக்கெட்டில் ஒரு முனையில் ஒருவர் ரன்னே கொடுக்காமல் இறுக்கிப் பிடிக்க, பொறுமையிழந்த மட்டையாளர் மறுமுனையில் வீசுபவருக்கு விக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போவதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம். பந்துவீச்சுக் கணக்கில் விக்கெட் யார் பெயரில் இருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 1985-இல் ஜயன்ட்ஸின் லெனர்ட் மார்ஷல் 15.5 சாக்குகள் எடுத்தார். அவர் தம் திறமையால் எடுத்தவை அவை. ஆனால் எதிரணிகள் எந்தப் பக்கம் கண் வைத்திருந்தன என்பதை மறந்துவிட்டு அந்த எண்ணைப் படிக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. டெய்லர் லைன்பேக்கர். எல்லா வாய்ப்பிலும் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது அவர் வேலையாக இருக்கவில்லை. ஓடுபவரை மடக்குவதும், சில வேளைகளில் பின்வாங்கிப் பந்தைப் பிடிக்க வருபவரைக் காப்பதும் அவர் கடமையில் சேர்ந்தவை. வாழ்நாளில் ஒன்பது இடைமறிப்புகள் அவர் பெயரில் உள்ளன. அவற்றுள் ஒன்று 1982 நன்றி நவிலல் நாளன்று டெட்ராய்ட்டில் பந்தைப் பறித்து 97 கஜம் ஓடி டச் டவுன் ஆக்கியது. ஓ'நீல் பெரும்பாலும் தற்காப்பு வரிசையின் ஓரத்தில் ஆடிய டிஃபென்சிவ் எண்ட். எறிதல் என்று தெரிந்தால் பாய்வதே அவரது வேலை. ஒரே பட்டியலில் இருக்கும் இரண்டு பெயர்கள் ஒரே வேலையைச் செய்தவர்களின் பெயர்கள் ஆகா.

தனி ஒரு சாக்கின் மதிப்பும் எல்லா நேரத்திலும் ஒன்றல்ல. 1990 நவம்பர் 11 அன்று கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் டெரிக் தாமஸ், சியாட்டில் சீஹாக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு சாக்குகள் எடுத்தார். அந்தச் சாதனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆட்டத்தின் கடைசி வாய்ப்பில் எட்டாவதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்தது. குவார்ட்டர்பேக் டேவ் கிரீக்கின் மேல் கை விழுந்தும், கிரீக் எப்படியோ தடுமாறி நழுவி, நிமிர்ந்து, 25 கஜம் தொலைவில் இருந்த பால் ஸ்கான்சிக்கு எறிந்தார். சீஹாக்ஸ் 17-16 என்று வென்றது. வரலாற்றிலேயே சிறந்த சாக் கணக்கு, தோற்ற ஆட்டத்தில் பதிவாகியிருக்கிறது. இதனால் தாமஸின் ஏழு சாக்குகள் மதிப்பிழந்துவிட்டன என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் அந்த ஆட்டம் அவ்வளவு நெருக்கத்துக்கே வந்திருக்காது. ஆனால் ஏழுக்கும் வராமல்போன அந்த ஒன்றுக்கும் இடையிலான எடை வேறுபாட்டை எண்ணிக்கையால் காட்ட முடிவதில்லை.

இதற்கு நேர் எதிரான நிகழ்ச்சி 2022 பிப்ரவரி 13 அன்று நடந்த சூப்பர் பவுலில் கிடைக்கிறது. ராம்ஸ் 23-20 என்று முன்னிலையில் இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மிச்சம். சின்சினாட்டி பெங்கால்ஸுக்கு நான்காவது வாய்ப்பு, தேவை ஒரே ஒரு கஜம். பந்து எடுக்கப்பட்டதும் ராம்ஸின் ஆரோன் டொனால்ட் உட்புறத் தடுப்பைக் கடந்து குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவைப் பிடித்துச் சுழற்றினார். விழுந்துகொண்டே பர்ரோ வீசிய பந்து யாரிடமும் போய்ச் சேராமல் தரையில் விழுந்தது. பந்து கையை விட்டுப் போய்விட்டதால் அது சாக் ஆகாது. டொனால்டின் வாழ்நாளிலேயே மிக முக்கியமான அந்த ஒரு பாய்ச்சல் எந்தச் சாக் கணக்கிலும் இல்லை. அதே ஆட்டத்தில் முன்னர் அவர் எடுத்த இரண்டு சாக்குகள் அந்த ஆட்டத்தின் கணக்கில் இருக்கின்றன. கோப்பையை உறுதிசெய்தது இல்லை.

மறுபக்கம், தகுதிக்கு மேல் ஏறிய சாக்குகளும் உண்டு. 2002 ஜனவரி 6 அன்று ஜயன்ட்ஸின் மைக்கேல் ஸ்ட்ரேஹன் 22.5 என்ற அன்றைய ஒரு பருவச் சாதனையை எட்டிய கடைசிச் சாக்கில், கிரீன் பே குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் ஸ்ட்ரேஹனின் பக்கம் ஓடி வந்து, தாமாகவே தரையில் சரிந்துகொடுத்தார் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. எனக்கு இதில் ஸ்ட்ரேஹன்மேல் குறை சொல்லத் தோன்றவில்லை. அந்தப் பருவத்தின் மற்ற சாக்குகள் அவர் வியர்வை சிந்தி எடுத்தவை. 17 ஆண்டுகளாக மார்க் கேஸ்டினோ பெயரில் இருந்த 22 என்ற எண்ணை அவர் எப்படியும் நெருங்கியிருந்தார். ஆனால் சாக் என்பது சாய்ப்பவர் மட்டும் உண்டாக்குவது இல்லை என்பதை அந்த நிகழ்ச்சி எல்லோர் கண்ணெதிரிலும் காட்டியது. பந்தை வெகுநேரம் கையில் வைத்திருக்கும் குவார்ட்டர்பேக், பின்னால் ஓடுபவர்களை விடாமல் ஒட்டிக்கொண்டு காக்கும் சக ஆட்டக்காரர்கள், பலவீனமான தடுப்பு வரிசை என்று எத்தனையோ கைகள் அதில் இருக்கின்றன. 2002-இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் டேவிட் கார் ஒரே பருவத்தில் 76 முறை சாய்க்கப்பட்டார். அந்த 76-உம் யாரோ ஒருவரின் வாழ்நாள் கணக்கில் ஏறியிருக்கிறது.

மொத்த எண்ணிக்கை மிகத் தெளிவாகக் காட்டும் ஒரு குணம் நீடித்து ஆடும் ஆற்றல். அதைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். பட்டியலின் உச்சியில் 200 சாக்குகளோடு நிற்கும் புரூஸ் ஸ்மித் 19 பருவங்களில் 279 ஆட்டங்கள் ஆடினார். பஃபலோ பில்ஸ் அணியில் பெரும்பகுதி அவர் ஆடியது, மூன்று பேர் மட்டும் முன்வரிசையில் நிற்கும் அமைப்பில். அங்கே ஓரத்து ஆட்டக்காரர் ஓட்டத்தையும் அடைக்க வேண்டியிருப்பதால் சாக் எடுப்பது கடினம். அப்படியிருந்தும் 171 சாக்குகளைப் பில்ஸுக்காகவே எடுத்தார். வாஷிங்டனில் ஆடிய கடைசி நான்கு பருவங்களில் வந்தவை 29. அந்த 29 இல்லாமல் அவர் ரெஜி வைட்டின் 198-ஐத் தாண்டியிருக்க முடியாது.

வைட் 198-ஐ எடுத்தது 232 ஆட்டங்களில்; ஆட்டத்துக்கு ஏறத்தாழ 0.85. ஸ்மித்துக்கு அது 0.72. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் ஆடிய எட்டுப் பருவங்களில் வைட் 121 ஆட்டங்களில் 124 சாக்குகள் எடுத்தார், அதாவது ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் மேல். ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய 1987 பருவத்தில் அவர் களமிறங்கியது 12 ஆட்டங்கள்தான், சாக்குகள் 21. முழுப் பருவம் கிடைத்திருந்தால் சாதனை எண் வேறாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதற்கு முன் யு.எஸ்.எஃப்.எல். என்ற போட்டி லீகில் மெம்ஃபிஸ் அணிக்காக அவர் எடுத்த 23.5 சாக்குகளும் என்.எஃப்.எல். கணக்கில் வராது. இவ்வளவுக்கும் அவர் ஓரத்திலும் நடுவிலும் மாறி மாறி நின்று, பெரும்பாலும் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு ஆடியவர். இரண்டு சாக்குகள் பின்னால் நின்றாலும் ஸ்மித்தைவிட வைட்டை மேலே வைப்பவன் நான். அதற்கு எனக்கு எண்களே துணை நிற்கின்றன. மொத்தத்தை மட்டும் பார்க்காமல் எத்தனை ஆட்டங்களில், எந்த இடத்தில் நின்று எடுத்தார் என்று கேட்டால் போதும்.

ஓ'நீலுக்கு வருவோம், ஏனெனில் இதுவரை சொன்னதைப் படித்து அவருடைய 132.5 ஏதோ மலிவான எண் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1986-இல் முதல் பருவத்தில் 13 ஆட்டங்களில் 12.5 சாக்குகள் எடுத்து, ஆண்டின் சிறந்த புதுமுகத் தற்காப்பு வீரர் என்ற பெயரை வாங்கியவர், முழங்கால் கடுமையாகக் காயமுற்று 1987 பருவம் முழுவதையும் இழந்தார். அந்தக் காலத்து முழங்கால் அறுவைக்குப் பின் பலர் திரும்பி வந்ததே இல்லை. அவர் வந்து, 1992-இல் 17 சாக்குகள் எடுத்தார். சார்ஜர்ஸுக்காக அவர் எடுத்த 105.5 அந்த அணியின் சாதனையாக நிற்கிறது. சான்டியாகோ, நியூயார்க்கைப் போல நாடே உற்றுநோக்கும் நகரம் அல்ல. டெய்லருக்கு இரண்டு சூப்பர் பவுல் வெற்றிகள் உண்டு. ஓ'நீலின் அணி ஒரே ஒரு முறை இறுதிக்குப் போய் 49-26 என்று தோற்றது. டெய்லருக்கு நிகராக ஓ'நீலை வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் ஹோவி லாங் 84 அதிகாரப்பூர்வச் சாக்குகளோடும் சார்லஸ் ஹேலி 100.5-உடனும் கேன்டனில் இருக்கும்போது, அவர்களை உள்ளே விட்ட அதே பரந்த பார்வையோடு ஓ'நீலின் படங்களையும் ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். எண்ணுக்கு அப்பால் பார்ப்போம் என்று சொல்லும் தேர்வாளர்கள், புகழ் ஏற்கெனவே இருக்கும் பக்கமே அப்பால் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

புதிய அளவைகள் இந்தக் குறையில் ஒரு பகுதியைத் தீர்த்திருக்கின்றன. 2010-களின் நடுவிலிருந்து எல்லா ஆட்டக்காரர்களின் தோள்பட்டைக் கவசத்திலும் சிறு சில்லுகள் பொருத்தப்படுகின்றன. யார் எங்கே, எந்த வேகத்தில் நகர்கிறார்கள் என்பது நொடிக்குப் பலமுறை பதிவாகிறது. இதிலிருந்து, இரண்டரை வினாடிக்குள் தம் தடுப்பாளரை ஒருவர் எத்தனை சதவீத முறை வென்றார், எத்தனை முறை இருவர் அவரைச் சேர்ந்து தடுத்தனர் என்று கணக்கிட முடிகிறது. டொனால்டைப் பற்றிய விவாதத்தை மாற்றியது இதுதான். நடுவில் நிற்பவர்களில் மிக அதிகமாக இருவரால் தடுக்கப்பட்டவர்களுள் ஒருவராக இருந்துகொண்டே அவர் தடுப்பை வெல்லும் விகிதத்தில் முன்னணியில் நின்றது எல்லோருக்கும் தெரியும்படி ஆனது. 154 ஆட்டங்களில் 111 என்பது பட்டியலில் நடுத்தர இடத்தைத்தான் தரும். ஆனால் அவர் ஓய்வு பெற்றபோது அவருடைய இடத்தைப் பற்றி யாரும் வாதிடவில்லை. பட்டியலை மட்டும் நம்பியிருந்த காலத்தில் அவர் ஆடியிருந்தால் அவ்வளவு ஒருமித்த கருத்து உருவாகியிருக்குமா என்பது கேள்விதான்.

இந்த அளவைகளும் முழுமையானவை என்று சொல்லிவிட முடியாது. தடுப்பை வென்றும் பந்து ஏற்கெனவே போய்விட்டால் அந்த வெற்றியால் அணிக்குப் பயன் குறைவு. வெல்லாமலே தடுப்பாளரைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போய்க் குவார்ட்டர்பேக்கின் மேல் மோதவிடுபவர் பெரிய பயனைச் செய்திருப்பார். நெருக்கடி என்று எதை எண்ணுவது என்பதிலும் கணக்கிடுபவருக்குக் கணக்கிடுபவர் வேறுபாடு உண்டு. இருந்தாலும், ஒரு பருவத்துக்கு 10 அல்லது 15 முறை மட்டும் நிகழும் சாக்கைவிட, நூற்றுக்கணக்கான பாய்ச்சல்களை எடைபோடும் அளவையில் தற்செயலின் பங்கு குறைவு. ஒருவர் ஒரு பருவத்தில் 14 எடுத்து அடுத்ததில் ஏழு எடுத்தால், அவர் மங்கிவிட்டாரா அல்லது பந்து அரை வினாடி முன்னதாகப் போயிற்றா என்று இப்போது பிரித்தறிய முடிகிறது.

டெய்லருக்கு இந்த வசதி கிடையாது. அவருடைய பெயரில் இருப்பவை 132.5 என்ற எண், பத்துப் புரோ பவுல் தேர்வுகள், மூன்று முறை ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருது, ஒரு முறை லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது, அவரை எதிர்கொண்ட பயிற்சியாளர்கள் வரைந்த ஆட்ட அமைப்புகள். போதைப்பொருள் விதிமீறலுக்காக முதல் நான்கு ஆட்டங்களில் விலக்கிவைக்கப்பட்ட 1988-இலும், மிஞ்சிய 12 ஆட்டங்களில் 15.5 சாக்குகள் எடுத்தார். அந்த நான்கு ஆட்டங்களின் இழப்புக்கு அவரே பொறுப்பு. அவருடைய கணக்கைத் திருத்தும்போது அதை அவருக்குச் சாதகமாகச் சேர்ப்பது சரியாகாது.

ஆனால் படங்கள் இருக்கின்றன. டீக்கன் ஜோன்ஸின் காலத்துக்கு இருந்ததைவிட 1980-களின் ஒளிப்பதிவுகள் பல மடங்கு முழுமையானவை. 1960-களின் சாக்குகளை எண்ணி முடித்த அதே முறையில், ஜயன்ட்ஸின் ஆட்டங்களை வரிசையாக எடுத்துக்கொண்டு, டெய்லர் பாய்ந்த ஒவ்வொரு முறையும் எதிரே நின்றவர் டேக்கிளா, டைட் எண்டா, பின்வாங்கி வந்த கார்டா, அல்லது இவர்களில் இருவரா என்று குறித்துக்கொண்டே போகலாம். ஓ'நீலின் ஆட்டங்களையும் அதே தாளில், அதே விதிப்படி எழுதலாம். அதைச் செய்து முடித்தால் இருவருக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு என்பது எண்ணாகவே கிடைக்கும். அது நான் எதிர்பார்ப்பதைவிடச் சிறியதாக இருந்தால், கேன்டன் தேர்வாளர்கள் ஓ'நீலின் கோப்பை மீண்டும் திறப்பதற்கு அதைவிட வலுவான காரணம் இருக்க முடியாது.